பொண்ணை ஒப்படைச்சாச்சுன்னு நியூஸ் போடுறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை ரொம்ப வருஷமா படிக்கிறேன். "காதலனுடன் மாயமான மாணவி மீட்பு, பெற்றோரிடம் ஒப்படைப்பு"ன்னு நாலு வரி செய்தி மாசத்துக்கு ஒண்ணாவது கண்ணுல பட்டுடுது. வயசு 19, 20, 22ன்னு நீங்களே பிராக்கெட்ல போடுறீங்க. 22 வயசு பொண்ணு ஓட்டுப் போடலாம், வேலைக்குப் போலாம், பேங்க்ல லோன் வாங்கலாம், ஆனா போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து அவளை யார் கையிலயாவது ஒப்படைச்சாத்தான் கேஸ் முடியுமாம். அதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு எந்தப் பேப்பர்லயும் வர்றதில்ல. ஏதாவது ஆனா மட்டும் வரும், அதுவும் "வயிற்று வலியால் இளம்பெண் தற்கொலை"ன்னு உள்பக்கத்துல ஒரு ஓரமா வரும்.

நான் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டனா இருக்கேன். காலேஜ் பொண்ணுங்களும் வேலைக்குப் போற பொண்ணுங்களும் கலந்து தங்குற இடம். குடும்ப மானம், சாதி மானம்னு சொல்லி பெத்த பிள்ளையையோ அது காதலிச்சவங்களையோ கொல்ற ஆணவக் கொலை நடந்த அப்புறம் டிவியில ரெண்டு நாள் விவாதம் ஓடுதே, அதுக்கு எத்தனையோ மாசம் முன்னாடி நடக்கிறதெல்லாம் எங்க கேட்லயும் விசிட்டர் ரிஜிஸ்டர்லயும்தான் நடக்குது. அதைப் பத்தி யாரும் எழுதுறதில்ல, அதான் இந்த லெட்டர். நீளமாத்தான் வரும், வெட்டணும்னா என் புலம்பலை வெட்டுங்க, உதவிக்குக் கூப்பிடுற போன் நம்பர்களை மட்டும் வெட்டிடாதீங்க.

முதல்ல ஆரம்பிக்கிறது போன்லதான். ராத்திரி ஒரு கால் வந்துட்டு இருந்தது மூணு நாலு ஆகும், அப்புறம் வீடியோ கால் ஆகும், அப்புறம் ரூமைச் சுத்திக் காட்டு, பக்கத்து பெட்ல யாரு, பாத்ரூம் கதவைத் திறந்து காட்டுன்னு போகும். ஒரு பொண்ணு எங்க ஹாஸ்டல்ல தலையில ஷாம்பு நுரையோட டவலைச் சுத்திக்கிட்டு ஓடி வந்து போனை எடுப்பா, மத்த பொண்ணுங்க எல்லாம் சிரிப்பாங்க, அண்ணன்னா என்னடி அவ்ளோ பயம்னு. ஒரு நாள் தனியா கூப்பிட்டு கேட்டேன். ரெண்டு ரிங்குக்குள்ள எடுக்கலன்னா வீட்டுல அம்மாவுக்கு அடி விழும் மேடம்னு சொன்னா. அடி அவளுக்கு இல்ல, அம்மாவுக்கு. நீ வளர்த்த லட்சணம் பாருன்னு. கிளாஸ்மேட் ஒருத்தனோட குரூப் போட்டோவுல நின்னுருக்கா, அதை யாரோ சொந்தக்காரங்க இன்ஸ்டாவுல பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க, அவ்ளோதான் விஷயம்.

அடுத்தது காசு. பொண்ணு சம்பாதிக்கும், சம்பளம் அவ அக்கவுண்ட்லதான் ஏறும், ஆனா ஏடிஎம் கார்டு அண்ணன் பர்ஸ்ல இருக்கும், அக்கவுண்டுக்கு குடுத்த நம்பர் அப்பாவோடதா இருக்கும். இவ இங்க பத்து ரூபா எடுத்தாலும் அங்க மெசேஜ் போயிடும். ஆதார்ல லிங்க் பண்ணின நம்பரும் பெரும்பாலும் அப்பாவோடதுதான், ஸ்கூல் படிக்கிறப்ப குடுத்ததை யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. சாதாரண குடும்பத்துல அது ஒரு பிரச்சனையே இல்ல. இந்த மாதிரி குடும்பத்துல அந்த ஓடிபியே பெரிய காவல்.

அப்புறம் ஆளுங்க வர ஆரம்பிப்பாங்க. சித்தப்பான்னு ஒருத்தர், மாமான்னு ஒருத்தர், சும்மா இந்தப் பக்கம் வேலையா வந்தேன்னு சொல்லிட்டு எதிர் டீக்கடையில ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பார், பொண்ணு யார் கூட வர்றா எந்த பஸ்ல வர்றான்னு பார்த்துட்டுப் போவார். எனக்கே போன் வரும், எங்ககிட்ட கேக்காம அவளை வெளிய விடாதீங்க, அவ கூட யார் பேசுறான்னு எழுதி வைங்கன்னு. பணம் தர்றேன்னு சொன்ன ஆளும் உண்டு. கடைசியா வர்றது பாட்டி. பாட்டிக்கு சீரியஸ், உடனே அனுப்புங்க, கார் அனுப்பியிருக்கோம். இதே பாட்டிக்கு மூணு மாசம் முன்னாடியும் சீரியஸா இருந்துச்சேன்னு ரிஜிஸ்டரைப் புரட்டினா தெரியும். அப்படிப் போற பொண்ணு திரும்ப வராது, ஒரு வாரம் கழிச்சு ரெண்டு ஆம்பளைங்க வந்து பெட்டியை காலி பண்ணிக்கிறோம், டிசி வாங்கியாச்சுன்னு சொல்லுவாங்க, செமஸ்டர் நடுவுல.

இதைச் சொன்னா உடனே ஒரு கேள்வி வரும், எல்லா அப்பா அம்மாவும் கேக்கத்தானே செய்வாங்க, கண்டிப்பா இருக்கிறதெல்லாம் கொடுமையான்னு. இல்ல. எங்க ஹாஸ்டல்லயே கண்டிப்பான அப்பாங்க நிறைய பேர் உண்டு, ஒன்பது மணிக்கு மேல ஏன் ஆன்லைன்ல இருக்கேன்னு திட்டுவாங்க, பொண்ணும் போனைத் தூக்கிப் போட்டுட்டு அழும், மறுநாள் அவரே அவளுக்குப் பிடிச்சதை பார்சல் பண்ணி அனுப்புவார். வித்தியாசம் எங்கன்னா, அந்தப் பொண்ணு முடியாதுன்னு சொன்னா என்ன நடக்கும்ங்கிறதுல. கண்டிப்பான வீட்டுல ஒரு சண்டை நடக்கும், முடிஞ்சு போகும். இந்த வீட்டுல முடியாதுங்கிற வார்த்தையே பொண்ணு வாயில வராது. அவளோட பயம் அவளைப் பத்தியே இருக்காது, கவனிச்சுப் பாருங்க. அவனை ஏதாவது பண்ணிடுவாங்க மேடம், தங்கச்சியை ஸ்கூல்ல இருந்து நிறுத்திடுவாங்க, அம்மா மருந்தைக் குடிச்சிடுவேன்னு சொல்றாங்க, இப்படித்தான் பேசுவா. தன்னை அடிச்சதைப் பத்திக் கேட்டா, அது பரவால்ல மேடம்னுடுவா.

புருஷன் பொண்டாட்டி அடிதடின்னா அடிக்கிறது ஒருத்தன், ஊரு வீடுன்னு போய் நிக்க அவளுக்கு நாலு பேராவது இருப்பாங்க. இதுல அந்த நாலு பேரும் ஒரே பக்கம். அப்பா கை ஓங்கினா அம்மா சாப்பாடு போடாம இருப்பாங்க, பாட்டி சாபம் விடும், சித்தப்பா பையன் போனைப் பிடுங்குவான், கல்யாணமாகிப் போன அக்கா என் மாமியார் வீட்டுல நான் எப்படித் தலை காட்டுறதுன்னு அழுவா, சாதிசங்க வாட்ஸப் குரூப்புல யாரோ பையனோட போட்டோவையும் ஊரையும் போட்டு விட்டுருப்பாங்க. எல்லாரும் சேர்ந்து செய்யறதுனால யாருக்கும் தான் தப்பு பண்றோம்னே தோணாது. அம்மாகிட்ட போய் சொல்லலாமேன்னு நாம சொல்றது இங்க எடுபடாததுக்கு காரணம் இதுதான்.

வேற சாதிப் பையனைக் காதலிச்சாத்தான் இது நடக்கும்னும் நினைச்சுடாதீங்க. தாய்மாமனைக் கட்டிக்க மாட்டேன்னு சொன்னதுக்கு நடக்குது. குடிகாரப் புருஷன்கிட்ட இருந்து டைவர்ஸ் வேணும்னு தாய் வீட்டுக்கு வந்த பொண்ணுக்கு நடக்குது, செத்தாலும் அங்கயே சாவுன்னு திருப்பி அனுப்புறாங்க. புருஷன் செத்து ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்க ஆசைப்பட்ட பொண்ணுக்கு நடக்குது. பொண்ணுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்குன்னா இன்னும் மோசம், பேய் ஓட்டுறேன்னு கோயில் கோயிலா இழுத்துட்டுப் போவாங்க, இல்லன்னா பதினஞ்சு நாள்ல எவனையாவது பிடிச்சு தாலி கட்ட வெச்சுடுவாங்க. பையங்களுக்கும் இருக்கு, அதுவும் தலித் பையன்னா உயிரே போயிடுது. 2025 ஜூலைல திருநெல்வேலி பாளையங்கோட்டையில கவின் செல்வகணேஷ் கொலையானப்ப எங்க ஹாஸ்டல்ல சாப்பாட்டு ஹால்ல டிவி சத்தத்தைத் தவிர வேற சத்தம் இல்ல. ஐடி இன்ஜினியர், நல்ல வேலை. படிச்சு முன்னேறிட்டா இதெல்லாம் போயிடும்னு சொல்றவங்க அந்தப் பையனோட சம்பளத்தையும் படிப்பையும் ஒரு தடவை யோசிச்சுப் பார்க்கணும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கொடுமையில பொண்ணை மறுபடி கொண்டு போய் மாட்டி விடுறது பெரும்பாலும் கெட்டவங்க இல்ல, நல்லவங்க. கிளாஸ் டீச்சர், ஹெச்ஆர் மேடம், பக்கத்து வீட்டு ஆன்ட்டி, ஸ்டேஷன்ல இருக்கிற ஏட்டம்மா. இவங்க எல்லாரும் நல்ல மனசோட ஒரே வேலையைத்தான் செய்வாங்க, பெத்தவங்களுக்கு போன் போட்டு "கொஞ்சம் வந்து பேசுங்க, சின்னப் பொண்ணு பயந்து போயிருக்கா, சமாதானமா முடிச்சுக்கலாம்"னு சொல்லுவாங்க. அந்த போனுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு வெளிய யார்கிட்டயோ சொல்லிட்டாங்கிறது வீட்டுக்குத் தெரிஞ்சு போச்சு. அதுவரைக்கும் அவளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அவங்களுக்குத் தெரியாதுங்கிறதுதான், அதையும் நாம பிடுங்கியாச்சு. அவங்களும் வருவாங்க, ஸ்டேஷன்ல அழுவாங்க, அம்மா காலைப் பிடிப்பாங்க, "வந்துடும்மா, ஊரைக் கூட்டி நாங்களே கல்யாணம் பண்ணி வைக்கிறோம், ஒண்ணும் பண்ண மாட்டோம்"னு எழுதிக் கூட குடுப்பாங்க. இன்ஸ்பெக்டருக்கு ஒரு கேஸ் முடிஞ்ச நிம்மதி. பிரிட்டன்ல இந்த மாதிரி கட்டாயக் கல்யாண விஷயத்துக்கு அரசாங்கமே கைடுலைன்ஸ் போட்டு வெச்சிருக்கு, உதவி கேட்டு வர்றவங்ககிட்ட பேச உங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும்னு நினைச்சுக்கங்க, எக்காரணத்தைக் கொண்டும் குடும்பத்துக்கு போன் பண்ணாதீங்கன்னு. நம்ம ஊர்ல முதல்ல பண்றதே அதுதான்.

விருத்தாசலம் கண்ணகி முருகேசன் கேஸை இப்பத்த பிள்ளைங்களுக்குத் தெரியாது. 2003-ல சாதி மாறி ரகசியமா பதிவுக் கல்யாணம் பண்ணின ரெண்டு பேர், சொந்தக்காரங்களே தேடிப் பிடிச்சுட்டு வந்து விஷம் குடுத்துக் கொன்னாங்க, ஊரே பார்த்துச்சு. லோக்கல் போலீஸ் அதை மூடி மறைக்கப் பார்த்து, சிபிஐ வந்து, கடலூர் கோர்ட்ல தீர்ப்பு வந்தது 2021-ல. தண்டனை வாங்கினவங்கள்ல போலீஸ்காரங்களும் இருந்தாங்க. சுப்ரீம் கோர்ட் அப்பீலைத் தள்ளுபடி பண்ணினது 2025-ல. இருபத்தி ரெண்டு வருஷம். கொலைக்கு அப்புறம் நீதி எவ்வளவு மெதுவா வருதுங்கிறதுக்கு இதைச் சொல்லல, கொலைக்கு முன்னாடி தேடிக்கிட்டு இருந்த அத்தனை நாள்லயும் எவ்வளவு பேருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும்னு யோசிக்கிறதுக்காக சொல்றேன். உடுமலைப்பேட்டை சங்கரும் அப்படித்தான், 2016 மார்ச் 13-ந்தேதி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பட்டப்பகல்ல வெட்டினது சிசிடிவியில இந்தியாவே பார்த்துச்சு, ஆனா கல்யாணமாகி எட்டு மாசம் அவங்க எப்படி பயந்து பயந்து வாழ்ந்தாங்கன்னு அவர் மனைவி கௌசல்யா வெளிய வந்து பேசின அப்புறம்தான் நமக்குத் தெரிஞ்சது.

சரி, ஒரு பொண்ணு வந்து சொல்லிட்டா, இல்ல சொல்லாமயே நமக்குத் தெரிஞ்சிடுச்சு, என்ன பண்றது. நம்புங்க, அதுதான் முதல்ல. உங்க அப்பா அப்படிப்பட்டவரா தெரியலயேன்னு சொல்லிடாதீங்க, அந்த ஒரு வார்த்தையில அவ வாயை மூடிடுவா. வாட்ஸப்ல எதையும் கேக்காதீங்க, அவ போன் வேற யார் கையிலயும் இருக்கலாம், லிங்க்டு டிவைஸ்ல அண்ணன் லேப்டாப் இருக்கலாம், கூகுள் மேப்ஸ்ல லொகேஷன் ஷேரிங் ஆன் ஆகி வருஷக்கணக்கா ஓடிட்டு இருக்கலாம். நேர்ல பேசுங்க. எந்த நேரத்துல எந்த நம்பர்ல கூப்பிட்டா உனக்கு சேஃப்னு கேட்டு வெச்சுக்கங்க. ஒரு கோட் வார்த்தை பேசி வைங்க, எங்க ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு "அந்த ரெக்கார்ட் நோட் கிடைச்சுதா"ன்னு மெசேஜ் பண்ணினா உடனே ஃப்ரெண்ட் 112-க்கு அடிக்கணும்னு பேசி வெச்சிருந்தாங்க, பக்கத்துல யார் உக்காந்திருந்து பார்த்தாலும் சந்தேகமே வராது. ஊருக்குப் போறான்னா எப்ப திரும்பி வருவான்னு தேதியை எழுதி வாங்கிக்கங்க, அந்தத் தேதிக்கு வரலன்னா என்ன பண்ணணும்னும் அவகிட்டயே கேட்டு எழுதிக்கங்க. என்ன நடந்துச்சுன்னு தேதி போட்டு ஒரு நோட்ல எழுதி வைக்கிறது பின்னாடி கோர்ட்ல ரொம்ப உதவும், ஆனா அந்த நோட் அவ பெட்டியில இருக்கக் கூடாது.

ஆதார் நம்பர் விஷயத்தை மறுபடி சொல்றேன் ஏன்னா இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. ஆதார் சென்டருக்கு நேர்ல போய் கைரேகை வெச்சா மொபைல் நம்பரை மாத்திக்கலாம், பழைய நம்பருக்கு ஓடிபி போகணும்னு அவசியம் இல்ல. அதை முடிச்சா டிஜிலாக்கர்ல மார்க் ஷீட்டை எல்லாம் ஏத்திக்கலாம், தன் பேர்ல தனி பேங்க் அக்கவுண்ட் ஆரம்பிச்சுக்கலாம். வீட்டை விட்டு வந்த பொண்ணுங்க திரும்பிப் போறதுக்கு பயத்தை விட பெரிய காரணம் சர்டிபிகேட்டும் காசும் இல்லாததுதான்னு நான் பார்த்திருக்கேன், யாரும் இதைக் கவுரவமா ஒத்துக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு, இதெல்லாம் வீட்டுக்குத் தெரிஞ்சா ஆபத்து ஜாஸ்தி ஆகும், எதை எப்ப பண்ணலாம்னு முடிவு பண்ண வேண்டியது அந்தப் பொண்ணுதான், நாம இல்ல. அவ வீடு எப்படின்னு நம்மளை விட அவளுக்குத்தான் தெரியும்.

உதவி எங்க கிடைக்கும்னா, உயிருக்கு இப்பவே ஆபத்துன்னா 112. பொண்ணுங்களுக்கு 181, எந்நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, அவங்க மூலமா மாவட்டத்துல இருக்கிற ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போலாம், சகி சென்டர்னும் சொல்வாங்க, அங்க சில நாள் தங்க இடம், கவுன்சிலிங், டாக்டர், வக்கீல், போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும். 18 வயசு ஆகலன்னா 1098. ஸ்கூல் படிக்கிற பொண்ணுக்கு கல்யாண ஏற்பாடுன்னு தெரிஞ்சா யார் வேணா 1098-க்கு சொல்லலாம், மாவட்ட சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அதிகாரி. இலவசமா வக்கீல் வேணும்னா 15100, சட்டப்பணிகள் ஆணைக்குழு. பொண்ணுன்னா வருமானம் எவ்வளவுன்னு கேக்காமலே வக்கீல் வெச்சுக் குடுக்கணும், எஸ்சி எஸ்டிக்கும் அப்படித்தான், பையனா இருந்தாலும்.

குடும்ப வன்முறைச் சட்டம், 2005-ல வந்தது, அது புருஷன் மேல மட்டும்தான் போட முடியும்னு வக்கீலுக்குப் படிச்சவங்களே சில பேர் சொல்லிட்டு இருக்காங்க. இல்ல. ஒரே வீட்டுல இருக்கிற அப்பா மேலயும் அண்ணன் மேலயும் போடலாம், மாவட்டத்துல இருக்கிற பாதுகாப்பு அதிகாரிகிட்ட மனு குடுத்தா மாஜிஸ்திரேட்கிட்ட பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். ரூம்ல பூட்டி வைக்கிறது சாதாரணமாவே குற்றம், பெத்தவங்க பூட்டினா குற்றம் இல்லன்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல. பூட்டி வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா ஃப்ரெண்டோ காதலனோ ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடலாம், சொந்தக்காரங்கதான் போடணும்னு இல்ல. ஜட்ஜ் முன்னாடி அந்தப் பொண்ணை நிறுத்தி நீ யார் கூட போகணும்னு கேப்பாங்க, அவ சொல்றதுதான் முடிவு. 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட்ல இப்படி ஒரு கேஸ், 25 வயசு பொண்ணு, தன் தோழி கூட இருக்கணும்னு சொன்னா, வீட்டுல பிடிச்சு வெச்சிருந்தாங்க. அவ இஷ்டப்படி போலாம், குடும்பம் தடுக்கக் கூடாதுன்னு சொன்னதோட, உதவி கேட்டப்ப கண்டுக்காத போலீஸையும் ஜட்ஜுங்க கண்டிச்சாங்க.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறதுன்னா சொந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போகாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், அங்க ரைட்டருக்கு சித்தப்பாவைத் தெரிஞ்சிருக்கும். எந்த ஸ்டேஷன்ல வேணா புகார் குடுக்கலாம், எல்லை எங்களுது இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்ஐஆர் போட்டு அவங்களே மாத்தி அனுப்பணும். எஸ்பி ஆபீஸ், கமிஷனர் ஆபீஸ் இன்னும் நல்லது. தனியா போகாதீங்க, ஒரு வக்கீலோட போங்க. என் விருப்பத்தோடதான் வந்தேன், எனக்கு இன்னார் இன்னாரால உயிருக்கு ஆபத்து இருக்குன்னு கைப்பட எழுதி, ஒரு காப்பி ஸ்பீட் போஸ்ட்ல எஸ்பிக்கு அனுப்பிட்டு ஒரு காப்பி வக்கீல்கிட்ட குடுத்து வைக்கணும். வீட்டுல காணோம்னு புகார் குடுத்துட்டாங்கன்னா ஒளிஞ்சிட்டே இருக்கிறதை விட வக்கீலோட போய் மாஜிஸ்திரேட் முன்னாடி ஸ்டேட்மென்ட் குடுக்கிறது சேஃப். காதலிக்கிற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், பொண்ணுக்கு 18 முடியலன்னா கூட்டிட்டு ஓடாதீங்க, கடத்தல், போக்சோன்னு (குழந்தைங்க மேல நடக்கிற பாலியல் குற்றத்துக்கான சட்டம்) எல்லாம் பையன் தலையில விழும், பொண்ணும் அரசாங்க ஹோம்ல போய் உக்காரணும், கடைசியில வீட்டுக்கேதான் போகணும். பையனுக்கு கல்யாணம் பண்ண 21 ஆகணும். கல்யாணம் பண்ற முறைக்கும் பயப்பட வேண்டாம், தமிழ்நாட்டுல சுயமரியாதைத் திருமணம் 1967-ம் வருஷத் திருத்தத்துல இருந்தே இந்து திருமணச் சட்டத்துல இருக்கு, மாலை மாத்தினா போதும், மோதிரம் போட்டா போதும். வக்கீலுங்க முன்னாடி ரகசியமா பண்ணினா செல்லாதுன்னு ஹைகோர்ட் சொல்லிட்டு இருந்தது, 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அது தப்புன்னு சொல்லிடுச்சு. உயிருக்கு பயந்து பண்றவங்க எப்படிங்க மைக் செட் போட்டு பண்ணுவாங்க.

2018 மார்ச் 27-ந்தேதி சக்தி வாஹினிங்கிற தொண்டு நிறுவனம் போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதை நீங்க ஒரு முழு பக்கத்துக்குப் போட்டாக் கூட தப்பில்ல. வயசு வந்த ரெண்டு பேர் கல்யாணத்துல பஞ்சாயத்துக்கோ ஊருக்கோ எந்த வேலையும் இல்லன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு மாவட்டத்துலயும் எஸ்பி, சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூணு பேரும் சேர்ந்த ஸ்பெஷல் செல் இருக்கணும், 24 மணி நேர ஹெல்ப்லைன் இருக்கணும், வீட்டை விட்டு வந்த ஜோடிக்கு சேஃப் ஹவுஸ் குடுக்கணும், முதல்ல ஒரு மாசம், ஆபத்து இருந்தா ஒரு வருஷம் வரைக்கும்னு சொல்லியிருக்கு. முன்னாடியே தெரிஞ்சும் தடுக்காத அதிகாரி மேல துறை நடவடிக்கை எடுக்கணும்னும் சொல்லியிருக்கு. அதுக்கும் முன்னாடியே 2016-ல மெட்ராஸ் ஹைகோர்ட்டும் மாவட்டத்துக்கு ஒரு செல் வைக்கச் சொல்லிச்சு. உங்க நிருபருங்க எல்லா மாவட்டத்துலயும் இருக்காங்க. எங்க ஊர்ல அந்த செல் எந்த ரூம்ல இருக்கு, ராத்திரி பத்து மணிக்கு அந்த நம்பருக்கு அடிச்சா யார் எடுக்கிறாங்க, அந்த சேஃப் ஹவுஸ்ல எத்தனை கட்டில்னு ஒரே நாள்ல எல்லா மாவட்டத்துலயும் போய் பார்த்து எழுதச் சொல்லுங்க. ஆணவக் கொலைக்கு தனிச்சட்டம் கொண்டு வர்றதுக்கு பரிந்துரை குடுக்க ரிட்டயர்ட் ஜட்ஜ் கே.என். பாஷா தலைமையில கமிஷன் போடுறதா 2025 அக்டோபர்ல முதல்வர் சட்டசபையில அறிவிச்சார், நல்லதுதான், வரட்டும். ஆனா சட்டம் வந்தாலும் ராத்திரி போனை எடுக்கிற ஆள் அதே ஆள்தான்.

உங்ககிட்ட நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. தற்கொலை செய்தி போடுறப்ப கீழ 104-க்கு கூப்பிடுங்கன்னு கட்டம் கட்டிப் போடுறீங்க இல்ல, அதே மாதிரி இந்த மாதிரி செய்தி போடுறப்ப எல்லாம் 181, 1098, 15100 போடுங்க. ஓடி வந்த ஜோடி போலீஸ்ல தஞ்சம்னு செய்தி போடுறப்ப அவங்க எந்த கம்பெனியில வேலை பாக்கிறாங்க, எந்த ஊர்ல ரூம் எடுத்திருக்காங்கன்னு எழுதாதீங்க, போட்டோ போடாதீங்க, அதை வெட்டி ஒட்டி வாட்ஸப் குரூப்ல போடுறதுக்குன்னே ஆள் இருக்காங்க. வயிற்று வலி செய்தி வந்தா, அந்தப் பொண்ணு கடைசியா எப்ப காலேஜுக்கு வந்தா, எப்ப டிசி வாங்கினாங்க, போஸ்ட்மார்ட்டம் பண்ணினாங்களா இல்ல ராத்திரியோட ராத்திரியா எரிச்சுட்டாங்களான்னு நிருபரை ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க. எல்லாத்துலயும் ஏதாவது இருக்கும்னு நான் சொல்லல, நிஜமாவே வயித்து வலியில செத்த பொண்ணுங்களும் இருப்பாங்க. கேக்காம எப்படித் தெரியும்.

ஹாஸ்டல் நடத்துறவங்க, காலேஜ் ஆபீஸ்ல டிசி எழுதறவங்க இதைப் படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை. 18 வயசு முடிஞ்ச பொண்ணோட டிசியை அவ வந்து கேட்டு கையெழுத்துப் போடாம குடுக்காதீங்க. அவளை மட்டும் தனியா ஒரு ரூமுக்குக் கூப்பிட்டு, உனக்கு இதுல இஷ்டமான்னு கேளுங்க, அஞ்சு நிமிஷம் ஆகாது. கூட வந்தவங்க ஏன் தனியா கூப்பிடுறீங்கன்னு கத்தினா அதுவே பாதி பதில். எங்க ஹாஸ்டல்ல இப்ப பாட்டி சீரியஸ்னு போன் வந்தா நான் பொண்ணை முதல்ல என் ரூமுக்குக் கூப்பிட்டு கதவைச் சாத்திட்டு கேட்டுட்டுத்தான் அனுப்புறேன். நிறைய பேர், ஆமா மேடம் நிஜமாவே பாட்டிக்கு முடியல, சீக்கிரம் அனுப்புங்கன்னுதான் சொல்லுவாங்க, திட்டிட்டும் போவாங்க. திட்டட்டும். போகலன்னு சொன்ன பொண்ணும் உண்டு, கார் வாசல்ல ரொம்ப நேரம் நின்னுச்சு, 181-ல இருந்து ஆள் வர்ற வரைக்கும் நான் கேட்டைத் திறக்கல. அவ இப்ப வேற ஊர்ல வேலை பாக்கிறா, அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

இதை பப்ளிஷ் பண்ணினா என் பேரும் ஊரும் போட வேண்டாம், ஒரு ஹாஸ்டல் வார்டன்னு மட்டும் போடுங்க. எங்க ஹாஸ்டல் எதுன்னு கண்டுபிடிச்சா யார் யார் வந்து நிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.

இப்படிக்கு
ஒரு வாசகி